வேரைப் பார்க்காமல் காத்திருந்தவருக்கு

இன்று காலை நன்னிலத்தில் நம் வயல் வரப்பில் நின்றேன். நம் வயல் என்று கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். என் வயல். கடைசிவரை நீங்கள் 'உன் நெலம், உங்கப்பன் நெலம்' என்றுதான் சொன்னீர்கள், அப்படியே இருக்கட்டும். மழை நேற்றுத்தான் விட்டது. வடிகாலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டதால் தண்ணீர் போக வழியில்லாமல், பயிர் நுனி மட்டும் வெளியே தெரிய, வயல் குளமாகக் கிடந்தது. சேறும் பச்சையும் ஊறிப் புளித்த அந்த வாடை அடித்தது. ஐப்பசி கார்த்திகையில் உங்கள் பேண்ட் மடிப்பில் ஏறிக்கொண்டு நம் வீட்டுக்குள் வருமே, அதே வாடை. துணியை நனைக்கப் போடும்போதெல்லாம் உங்களைத் திட்டியிருக்கிறேன்.

குத்தகைக்குப் பயிர் வைத்திருக்கும் செல்வராசு பக்கத்தில் நின்றான். என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான் போலிருக்கிறது. "ஒண்ணும் கவலப்படாதீங்கக்கா. தண்ணி வடிஞ்சா பயிர் தானா நிமிந்துக்கும்" என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாவம், அவன் ஆறுதலுக்குச் சொன்னான். அது உங்கள் வார்த்தை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? "வேரப் பாத்தியாடா?" என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. "பாத்துட்டேன்க்கா, வெள்ளையாத்தான் இருக்கு" என்றான். அப்படியானால் சரி என்று சொல்லிவிட்டு, வடிகாலில் கிடந்த தாமரையை வாரிப்போட ஆள் கூப்பிடச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். தஞ்சாவூர் வந்து சேரும்வரை உங்களோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரி, யாரோடு இந்தம்மா முணுமுணுக்கிறாள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

உங்கள் முதல் திதி வருகிறது. மனசில் இருப்பதை எழுதிப் பாரம்மா, ஆறும் என்கிறாள் உங்கள் மகள் மீனா. ஆறுவதற்காக நான் எழுதவில்லை. சொல்லி முடிக்காதது நிறையக் கிடக்கிறது. நீங்கள் குறுக்கே பேச முடியாத இந்தச் சமயத்தில்தான் அதைச் சொல்ல முடியும்.

எல்லாம் பல வருஷத்துக்கு முன்னால் வந்த அந்த வெள்ளத்தில் ஆரம்பித்தது. நீங்கள் அப்போது வேளாண்மை அலுவலர். சீர்காழிப் பக்கம் ஒரு கிராமத்தில் சம்பாப் பயிர் முழுக்க முழுகிவிட்டது. ஊர்க்காரர்கள் உழுதுபோட்டுவிட்டுக் குறுகிய கால நெல்லை விதைத்துவிடலாம் என்று டிராக்டரை வயலில் இறக்கப் போனார்கள். நீங்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, டிராக்டருக்கு முன்னால் நின்றுகொண்டீர்கள். குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு கொத்துப் பயிரைப் பிடுங்கி, வேரைக் கழுவி, மோந்து பார்த்து, அவர்கள் முகத்துக்கு நேராக நீட்டினீர்களாம். "வேர் வெள்ளையா இருக்கா இல்லையா? உசுரு இருக்குய்யா. பொறுங்க." பொறுத்தார்கள். பயிர் எழுந்தது. அந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் அந்த ஊரில்தான் நல்ல அறுவடை. கோயிலில் வைத்து உங்களுக்குச் சால்வை போட்டார்கள். நானும் போயிருந்தேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் பாயசம் வருவதற்குள் அந்தக் கதை வந்துவிடும். டிராக்டர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாகும். தண்ணீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறும். நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன்.

ஆனால் அதே வாரம், அடுத்த ஊரிலும் நீங்கள் பொறுக்கச் சொன்னீர்கள். அந்த ஊருக்கு நீங்கள் நேரில் போகவில்லை. நேரமில்லை, போனில் சொல்லிவிட்டீர்கள். அங்கே நாற்று இளசு, தண்ணீரும் வடியவில்லை, எல்லாம் அழுகிப்போனது. மறு விதைப்புக்கும் காலம் தப்பிவிட்டது. அந்த ஊரிலிருந்து ஒருவர் நம் வீட்டு கேட்டில் வந்து நின்றார். சத்தம்கூடப் போடவில்லை. "சார் சொன்னாருன்னு காத்திருந்தோம்மா" என்று என்னிடம்தான் சொன்னார். நீங்கள் உள்ளேயிருந்து வந்து அவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னீர்கள், இழப்பீட்டுக்கு எழுதுகிறேன் என்றீர்கள், எழுதவும் செய்தீர்கள். அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பெயர் உங்கள் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. பந்தியில் அந்த ஊருக்கு இடமில்லை. நீங்கள் வேண்டுமென்று மறைத்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு உண்மையிலேயே மறந்துபோய்விட்டது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அதுதான் பயங்கரமாக இருந்தது.

ரிடையரானீர்கள். பணிக்கொடைப் பணம் வந்தது. காலையில் ஸ்டேடியத்துக்கு வாக்கிங் போகிற கூட்டத்தில் பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற சாரங்கன் சார் இருந்தார். அவர் ஷேர் வாங்குவார். நடை முடிந்து டீக்கடையில் நின்று, இன்றைக்கு இது ஏறும் நாளைக்கு அது ஏறும் என்று பேசுவீர்கள். ஒருவர் வாங்கினால் எல்லோரும் வாங்குவது. வாட்ஸ்அப்பில் ஒரு குழு வேறு. வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்வீர்கள்: "எல்லாரும் படிச்சவங்க. எட்டுப் பேரும் ஒண்ணாத் தப்புப் பண்ணுவோமா?" ஏன் பண்ணக்கூடாது என்று நான் கேட்டேன். அன்றைக்குச் சட்னியில் உப்பு அதிகம் என்று தட்டைத் தள்ளிவிட்டீர்கள்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? வீடு வீடாகப் போய் மாதச் சேமிப்புப் பணம் வாங்கித் தபால் ஆபீசில் கட்டிக்கொண்டிருந்தேன். கீழவாசல் பக்கம் என்னைத் தெரியாத வீடு கிடையாது. "ஒன்னோட குருவி சேமிப்பு" என்று கேலி செய்வீர்கள். செய்யுங்கள். ஆனால் அந்தத் தெருக்களில் நான் ஒன்று பார்த்திருக்கிறேன். அவசரச் செலவு வந்தால் பெண்கள் நகையை அடகு வைத்து அதிக வட்டிக்கு வாங்குவார்களே ஒழிய, குறைந்த வட்டியில் கிடக்கும் இந்தக் கணக்கில் கை வைக்கமாட்டார்கள். "அது புள்ள பேருல போட்டதுக்கா, அதத் தொடக்கூடாது" என்பார்கள். எல்லாம் ஒரே பணம்தானே என்று விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். ஏறவில்லை. பண விஷயத்தில் எல்லோருக்கும் ஒரு பைத்தியம் இருக்கத்தான் செய்கிறது. சின்னப் பைத்தியமாக இருந்தால் குடித்தனம் நடக்கும். உங்களுடையது பெரிது.

ஆரம்பத்தில் லாபம் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிவிடும். லாபம் வந்த அன்று திருவையாறு போய் அசோகா அல்வா வாங்கி வருவீர்கள். இலையில் நெய் ஊறி, சூடு ஆறாமல் இருக்கும். "சாப்புடு, ராஜம். மார்க்கெட் குடுத்த அல்வா" என்று நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள். ஒரு ஷேர் கொஞ்சம் ஏறினால் போதும், எங்கே இறங்கிவிடுமோ என்று உடனே விற்றுவிடுவீர்கள். இறங்கினதை மட்டும் விற்கவே மாட்டீர்கள். கணக்குப் பார்த்தால் நல்ல பயிரையெல்லாம் பச்சையாக அறுத்துவிட்டு, பட்டுப்போனதற்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தீர்கள். இதை நான் அப்போதே உங்களிடம் சொன்னேன். "நீ எப்பலேர்ந்து விவசாயி ஆன?" என்றீர்கள். விவசாயி வீட்டில் பிறந்தவள் நான்தானே, நீங்களா?

அப்புறம்தான் அந்த நடவு மெஷின் கம்பெனி. வடக்கே எங்கேயோ இருக்கிற கம்பெனி, ஆனால் உங்களுக்கு அது சொந்தக்காரன் வீடு மாதிரி. அந்த மெஷினை இந்த ஜில்லாவில் முதல்முதலில் வயலில் இறக்கிக் காட்டியது நீங்கள்தானாம். அதன் மேல் உட்கார்ந்து ஓட்டிய போட்டோவும் உண்டு. "எனக்குத் தெரிஞ்ச கம்பெனி. நாத்து நடுறதுக்கு ஆள் கெடைக்காம ஊரே தவிக்குது. இவன் மெஷின் விக்காம யார் மெஷின் விக்கும்?" கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. மெஷின் நல்ல மெஷின். கம்பெனிக்கு எவ்வளவு கடன் இருக்கிறது, முதலாளி தன் பங்கை அடகு வைத்திருக்கிறானா, இதெல்லாம் மெஷின் மேல் உட்கார்ந்து பார்த்தால் தெரியுமா?

விலை இறங்க ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம். பிறகு மளமளவென்று. காலையில் மார்க்கெட் திறந்ததிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். கேட்டால் அதே வார்த்தை: "தண்ணி வடியட்டும். பயிர் நிமிந்துக்கும்." நான் முதலில் கிண்டல் என்று நினைத்தேன். இல்லை, நீங்கள் நிஜமாகவே அப்படித்தான் நம்பினீர்கள். வெள்ளம் என்றால் பொறுக்கவேண்டும், பயந்தவன் உழுதுபோட்டுவிடுவான், பொறுத்தவனுக்குச் சால்வை. நெல்லில் கற்றதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் ஷேரில் வைத்தீர்கள். வேறு சீமைக்காரனுக்கு இப்படி ஒரு தப்புச் செய்யத் தெரிந்திருக்காது. வருஷா வருஷம் தண்ணீரில் நின்று பழகின நமக்குத்தான் வரும்.

கூடக் கூட வாங்கவும் செய்தீர்கள். பயிர் செத்த இடத்தில் நாற்று வாங்கி நட்டு நிரப்புவதில்லையா, அது மாதிரியாம். "வெலை கொறஞ்சிருக்கும்போது வாங்கிப் போட்டா சராசரி எறங்கும். வாங்கின வெலைக்கு வந்ததும் எல்லாத்தையும் குடுத்துட்டுக் கையக் கழுவிடுறேன்" என்றீர்கள்.

"நீங்க என்ன வெலைக்கு வாங்கினீங்கன்னு அந்தக் கம்பெனிக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன். சத்தியமாகக் குத்திக்காட்டக் கேட்கவில்லை, சந்தேகம்தான் கேட்டேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

மீனா சென்னையிலிருந்து வந்திருந்தபோது அவளும் கேட்டாள். "அப்பா, இந்த ஷேர் ஒண்ணுமே உங்ககிட்ட இல்லன்னு வச்சுக்குங்க. கையில பணம் இருக்கு. இன்னைக்கு இதப் புதுசா வாங்குவீங்களா?" வாங்கமாட்டேன் என்று வாய்வரை வந்துவிட்டது, நான் பார்த்தேன். அதை விழுங்கிவிட்டு, "ஒனக்கு வயல்ல எறங்கின அனுபவம் கெடையாதும்மா" என்றீர்கள். குழுவில் யாராவது 'இது மேலே வரும்' என்று போட்டால் எங்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவீர்கள். 'வெளியே வந்துவிடுங்கள்' என்று சாரங்கன் சாரே எழுதியபோது, அவருக்கு வயசாகிவிட்டது என்று சொல்லி அவரோடு நடக்கப் போவதையே நிறுத்திவிட்டீர்கள். அவர் நஷ்டத்துக்கு விற்றுவிட்டு, இப்போது பேரனோடு நிம்மதியாக நடக்கிறார். நான் வழியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறார், என்னவோ அவர்தான் தப்புப் பண்ணினவர் மாதிரி.

ஒரு நாள் மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. "சீர்காழியில தண்ணிக்குள்ள கைய விட்டு வேரப் பாத்தீங்கல்ல? வெள்ளையா இருந்ததாலதான பொறுக்கச் சொன்னீங்க? இதுல எங்கங்க வேர்? ஒரு தடவ பாத்தீங்களா? தெனம் தண்ணி மட்டத்தத்தான பாக்குறீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டேனோ இல்லையோ, உங்கள் முகம் செத்துவிட்டது. நீங்கள் கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். "அந்த இன்னொரு ஊரையும் சொல்லேன். ஏன் அத மட்டும் விட்டுட்ட?" என்றீர்கள். ஆக, மறக்கவில்லை. அத்தனை வருஷமும் எங்கோ அடியில் கிடந்திருக்கிறது. அதை வெளியே எடுக்க முடியாதவர்தான், இதையும் தப்பு என்று ஒப்புக்கொள்ள முடியாமல் கிடந்தீர்கள். எனக்கு அன்றைக்கு உங்கள் மேல் இரக்கம் வந்தது. அதை உடனே கெடுப்பதற்கென்று அடுத்த மாசமே பத்திரத்தைப் பற்றிப் பேசினீர்கள்.

பத்து மா நிலம், மூன்று ஏக்கர் சொச்சம். என் அப்பா எனக்கென்று எழுதிவைத்துப் போனது. மகன்களுக்குக் கொடுத்ததில் பாதிதான், ஆனாலும் ஊரே பேசப் பேச, அண்ணன்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்க, பத்திர ஆபீசில் என் கையைப் பிடித்து உட்கார வைத்து எழுதினார். அதிலிருந்து வருகிற நெல்லைத்தான் நாம் சாப்பிட்டோம். ரிடையரான பிறகும் அரிசிக்கென்று கடைப்படி ஏறாத வீடு நம் வீடு.

நீங்கள் அன்று குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தீர்கள். பெண் கேட்க வந்தவர் மாதிரி. "நன்னிலத்து நெலத்துக்கு நல்ல ஆள் வந்திருக்கு. பைபாஸ் வருதுன்னு பேசிக்கிறாங்க, வெலையும் நல்ல வெலை. இந்த வெலையில அதே ஷேர வாங்கிப் போட்டா, கொஞ்சம் ஏறினாலே போதும், போட்டது மொத்தமும் திரும்பிடும். ஒனக்கு அதவிட நல்ல நெலமா, தஞ்சாவூர் பக்கத்துலயே வாங்கித் தர்றேன்."

"முடியாதுங்க."

"முழுசாக் கேளு."

"முழுசாக் கேட்டாலும் முடியாதுங்க. செத்த பயிருக்கு என் வயல எருவாப் போடமாட்டேன்."

நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. "இத்தன வருஷத்துல ஒங்கிட்ட நான் கேட்டது இது ஒண்ணுதான்" என்றீர்கள். நியாயம்தான், நீங்கள் எதுவும் கேட்டதில்லை. நகை கேட்டதில்லை, என் கமிஷன் பணத்தைக் கேட்டதில்லை. நல்ல மனுஷர். அந்த நல்ல மனுஷரைக் கொண்டுபோய் அந்தக் கம்பெனி என் எதிரில் இப்படி உட்கார வைத்துவிட்டதே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. நான் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனேன். பின்னாலிருந்து சொன்னீர்கள்: "நஷ்டம் என்னால இல்ல. ஒன்னால. ஞாபகம் வச்சுக்க."

அன்றோடு பேச்சு நின்றது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மீனாவுக்குச் சென்னைக்குப் போன் போட்டு, "ஒங்கம்மாகிட்ட மாத்திரை தீந்துபோச்சுன்னு சொல்லு" என்பீர்கள். அவள் அங்கிருந்து எனக்குப் போன் போடுவாள். நான் பக்கத்து அறையில் இருப்பேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. தட்டை வைப்பேன், சாப்பிடுவீர்கள். இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டுமென்றால் தட்டைப் பார்ப்பீர்கள், ஊற்றுவேன். பொங்கல் வந்தது, போனது. நிலத்தில் விளைந்த புது அரிசி வந்தபோது அந்தச் சோற்றைச் சாப்பிடமாட்டேன் என்று கடையில் அரிசி வாங்கி வந்தீர்கள் பாருங்கள், அன்றைக்கு நான் அழுதேன். நீங்கள் இருந்தபோது அழுதது அந்த ஒரு தடவைதான்.

நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஐ.சி.யூ.வில் மூக்கில் குழாயோடு கிடந்தீர்கள். உங்கள் செருப்பு, மூக்குக்கண்ணாடி, போன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு, "ஒங்களக் கேக்குறாரும்மா" என்று நர்ஸ் வந்து கூப்பிட்டாள். என்னையா? மகளை இல்லை, என்னையா? ஓடினேன். புடவைத் தலைப்புக் கதவில் மாட்டிக் கிழிந்தது, கவனிக்கவில்லை. நீங்கள் கையை லேசாகத் தூக்கினீர்கள். குனிந்தேன். இத்தனை மாசத்துக்குப் பிறகு என்னோடு பேசப்போகிறீர்கள். என்ன சொன்னாலும் சரி, திட்டினாலும் சரி என்று காதை வாயருகே கொண்டுபோனேன்.

"இன்னைக்கு என்ன வெலை?" என்று கேட்டீர்கள்.

அன்றைக்கு அது இன்னும் இறங்கியிருந்தது. வெளியே பெஞ்சில் நான் உங்கள் போனில் பார்த்திருந்தேன். வாங்க ஆளே இல்லாமல் சிவப்பாகக் கிடந்தது. உங்கள் முகத்தைப் பார்த்தேன். எந்தப் பெண்ஜாதி அந்த முகத்தைப் பார்த்து நிஜத்தைச் சொல்லுவாள்?

"ஏறியிருக்குங்க" என்றேன். "பச்சையில இருக்கு."

அப்படி ஒரு வெளிச்சம் உங்கள் முகத்தில். மீனா பிறந்தபோது பார்த்தது. குழாய்க்குள்ளேயே சிரித்தீர்கள். என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "பாத்தியா?" என்றீர்கள். "நீ மட்டும் அன்னைக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா..."

அதற்கு மேல் மூச்சு வாங்கியது. நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னாள். மறுநாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்தது. என்னிடம் நீங்கள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். கட்டின பெண்டாட்டி தன் நஷ்டத்துக்குக் காரணம் என்று முழுத் திருப்தியோடு போய்ச் சேர்ந்தீர்கள். அந்தத் திருப்தியைக் கொடுத்தவளும் நான்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மீனா என்னை உட்கார வைத்துச் சொன்னாள். நஷ்டத்தை ஒப்புக்கொள்ளாமல் இழுப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறதாம், போட்ட பணத்துக்காக மேலும் போடுவதற்கு ஒரு பெயர், பிடித்த செய்தியை மட்டும் கேட்பதற்கு ஒரு பெயர், வாங்கின விலையையே கட்டிக்கொண்டு அழுவதற்கும் ஒரு பெயர். "அப்பா மேல தப்பில்லம்மா. மனுஷ மூளையே அப்படித்தான்" என்றாள். நல்ல பிள்ளை, உங்களைக் காப்பாற்றப் பார்க்கிறாள். ஆனால் பெயர் வைத்துவிட்டால் அது நோய் ஆகிவிடும். நோயாளி மேல் எப்படிக் கோபப்படுவது? எனக்குக் கோபப்பட்டே ஆகவேண்டும். நீங்கள் ஒரு மூளை இல்லை, என் புருஷன். வேரைக் கழுவி மோந்து பார்க்கத் தெரிந்த புருஷன். தெரியாதவர் செய்திருந்தால் நான் இத்தனை நாள் எரிந்துகொண்டிருக்கமாட்டேன்.

அந்த ஷேர்களெல்லாம் என் பெயருக்கு மாறி வந்திருக்கின்றன. போன வாரம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், நீங்கள் ஷேர் வாங்கிய அந்தப் புரோக்கரின் மாடி ஆபீசுக்குப் போனேன். நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியில்தான் உட்கார வைத்தார்கள். அங்கே வேலை பார்க்கும் பெண் சின்னவள், மரியாதையாகப் பேசினாள். காசுக் கணக்கில் விலை போய்க்கொண்டிருக்கிறது, மொத்தமும் விற்றால் ஒரு சுமாரான புடவை வாங்கலாம் என்றாள். "இப்பவே வித்துடலாம்மா. இதுக்கு மேல வச்சிருந்து பிரயோசனம் இல்ல. ஒரு பட்டன் அமுக்கினாப் போதும்."

சரி என்று சொல்லத்தான் போயிருந்தேன். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அந்தப் பணத்தைக் கோயில் உண்டியலில் போட்டுத் தலைமுழுகிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவள் விரல் பட்டன் மேல் இருந்தது. விற்ற மறுநாள் இது ஏறிவிட்டால்? எவனாவது அந்தக் கம்பெனியை வாங்கி, மெஷின் விற்று, நீங்கள் சொன்ன விலைக்கே வந்துவிட்டால்? நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பொய் நிஜமாகிவிடும். போடாத அந்தக் கையெழுத்துக்கு நான் பதில் சொல்லவேண்டி வரும், அதுவும் பதில் கேட்க ஆளில்லாத வீட்டில்.

"கொஞ்சம் பொறும்மா" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

இப்போது காலையில் மார்க்கெட் திறந்ததும் உங்கள் போனை எடுத்து நான் பார்க்கிறேன். ஐந்து காசு ஏறினால் அன்று சோறு இறங்குவதில்லை. இறங்கியிருந்தால் இன்னொரு கை சாதம் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன். எதற்கென்று எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பார்க்கிறேன். இதற்கும் மீனாவிடம் ஒரு பெயர் இருக்கும். நான் கேட்கவில்லை.

அந்தப் பெண் அன்றைக்கு என்னை மாடிப்படி வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். தயங்கித் தயங்கி, "ஏறும்னு நெனைக்கிறீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"ஏறக்கூடாதுன்னு காவல் காக்குறேன்மா" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.